வேப்பம்பூக் காலத்தில் நான் எழுதாமல் விட்டது

பிள்ளைகளே, தாதி வேலையில் நான் வேகமான மிஸ்ஸி என்று பெயர் எடுத்தவள். வன்னியில், கண்டாவளைப் பக்கத்தில் நான் வேலை செய்த சின்ன ஆஸ்பத்திரியில் காலை வரிசை படலையைத் தாண்டி வீதிக்கு வந்துவிடும். மத்தியானச் சோற்றுக்கு முன் அத்தனை பேரையும் பார்த்து அனுப்பிவிடுவேன். டொக்டர் கிழமையில் இரண்டு நாள்தான் வருவார்; மற்ற நாட்களில் மருந்து கொடுப்பதும் நான்தான், ஏசுவதும் நான்தான். அந்த மிஸ்ஸியிடம் போனால் சுணக்கம் இல்லை என்று சனங்கள் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. ஓய்வு பெற்றுக் கதிரையில் இருக்கிற இந்தக் காலத்தில், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லிக் கேட்டார்கள். ஊசி போடுவதும் புண் கட்டுவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே நான் ஒரு பெண்ணைச் சாகவிட்டதைச் சொல்கிறேன். ஆறுதலாக ஏதாவது வரும் என்று நினைத்து வாசிக்காதீர்கள், வராது.

முதலில் வேம்பைப் பற்றிச் சொல்லவேண்டும். இடையில் சில வருடம் சண்டை நின்று சனங்கள் திரும்பி வந்தபோது எங்கள் பக்கத்து வளவுகளில் வீடு இருக்கவில்லை, வேம்புதான் இருந்தது. ஆளில்லாத வருடங்களில் காகம் போட்ட விதையெல்லாம் முளைத்து, அடுப்படி இருந்த இடத்தில் ஒன்று, கிணற்றடியில் இரண்டு, மாட்டுக்கொட்டிலுக்குள் ஒன்று என்று நின்றது. வந்தவர்கள் அந்த நிழலிலேயே கொட்டில் போட்டார்கள். வெயிலில் வெந்து வந்தவனிடம் மரத்தை வெட்டு என்று யார் சொல்வது? கன்றாக நின்றதெல்லாம் வருடத்துக்கு வருடம் பருத்துப் பூத்தது. பங்குனி பிறந்தால் குடத்துத் தண்ணீரிலும் பூ, சோற்றுக் கோப்பையிலும் பூ, பிள்ளைகளின் தலையிலும் பூ. அதோடு தும்மலும், அரித்து அரித்துக் கண் கடிப்பதும், மூச்சு இழுக்கிற முட்டும் ஒவ்வொரு வருடமும் முந்தின வருடத்தைவிடக் கூடிக்கொண்டு வந்தன. நான் அதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்தேன். கவனித்துவிட்டு, பூக் காலம் அப்படித்தான் இருக்கும் என்று தும்மல் குளிசையைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன்.

அங்கே வருத்தக்காரர் ஒவ்வொருவரும் ஒரு கொப்பி கொண்டுவருவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற அதே கொப்பி. அதில்தான் நாங்கள் எல்லாம் எழுதுவோம். எழுதுவதென்றால் என்ன, ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து, மருந்தின் பெயர், கீழே ஒரு கிறுக்கல். அடுத்தமுறை வந்தால் 'முந்தினதே' என்று இன்னொரு கிறுக்கல். ஆள் சொன்னது அதில் ஒன்றும் இருக்காது. நான் நினைத்தது மட்டும் இருக்கும்.

சண்டை திரும்பத் தொடங்கி, வன்னிக்குச் சாமான் வருகிற பெரும் பாதையைப் பூட்டினார்கள்; அதற்கு அடுத்த பங்குனியில் யோகராணி வந்தாள். முப்பது வயது இருக்கும். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வாய்க்கால் திட்டத்துக்குக் காணி கிடைத்து வந்து வயல் செய்த குடும்பம். புருசன் தவராசா, அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். ஒரே மகள் தர்சினி, அப்போது ஏழு வயது. யோகராணி முந்தின மூன்று வருடமும் பூக் காலத்தில் தும்மலோடு வந்தவள்தான். இந்தமுறை நெஞ்சிலும் இழுப்புக் கேட்டது. குளிசையைச் சுற்றும்போது அவள் மெல்லிய குரலில் ஒன்று சொன்னாள்.

“மிஸ்ஸி, வேப்பம்பூ வடகம் திண்டா வாயெல்லாம் கடிக்குது. தொண்டைக்குள்ளயும் கடிக்குது. முந்தி அப்பிடி இல்லை.”

வேப்பம்பூ வடகம் உங்கள் வீட்டிலும் போட்டிருப்பார்கள். மரத்துக்குக் கீழே பழஞ்சீலையை விரித்து, விழுகிற பூவைக் கூட்டி எடுத்து, உளுந்தோடும் செத்தல் மிளகாயோடும் குழைத்துத் தட்டி வெயிலில் காயவைப்பது. முன்பு அது சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு பொரியல். பாதை பூட்டியபின் பல வீடுகளில் அதுதான் கறி. யோகராணி ஊருக்கே வடகம் தட்டிக் கொடுக்கிறவள். பூக் கூட்டுகிறதும் அவள், புடைக்கிறதும் அவள், முகத்தில் பூவின் மஞ்சள் தூளோடு நிற்கிறதும் அவள்.

எனக்குப் பின்னால் வரிசை நின்றது. நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “கடிச்சா சாப்பிடாமல் விடும், அதுக்கும் குளிசை கேக்கிறீரே?” என்றேன். வாங்குப் பலகையில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கொப்பியில் 'முந்தினதே' என்று எழுதினேன். வாய் கடிப்பதை நான் எழுதவில்லை. அதற்குப் பிறகு அவள் அதைப்பற்றி என்னிடம் வாய் திறக்கவில்லை. ஒருமுறை சிரிப்புக்கு ஆளானவர்கள் இரண்டாம்முறை சொல்லமாட்டார்கள், பிள்ளைகளே. இது எனக்குத் தெரியாமல் இருந்ததா? தெரியும். நானும் ஒரு டொக்டரிடம் அப்படி வாய் மூடினவள்தான்.

அடுத்த பங்குனியில் மருந்து அலுமாரி பாதிக்கு வெறுமையாகிவிட்டது. தும்மல் குளிசை முடிந்தது. முட்டுக்கு இருந்த குளிசையைக் குழந்தைகளுக்கென்று எண்ணி வைத்திருந்தேன். யோகராணி இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டு வந்து நின்றாள். வெறுங்கையோடு ஆளை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மிஸ்ஸி அல்லவா நான்.

“தேன் குடியும்,” என்றேன். “காலையில ஒரு கரண்டி, பின்னேரம் ஒரு கரண்டி. பழைய தேன் வேண்டாம். இப்ப எடுக்கிற புது வேப்பந்தேன்தான் நெஞ்சுக்கு நல்லது.”

அவள் உடனே போகவில்லை. “தேன் எனக்கு ஒத்துவருமோ மிஸ்ஸி?” என்று கேட்டாள்.

“தேன் ஒத்துவராத ஆக்களும் இருக்கினமோ? போம், போய்க் குடியும்.”

அந்தக் கேள்வியை அவள் சும்மா கேட்கவில்லை. வடகத்தை நினைத்துத்தான் கேட்டாள் என்று எனக்கு இப்போது தெரியும். அவளுடைய உடம்புக்குத் தெரிந்தது அவளுக்கும் கொஞ்சம் தெரிந்திருந்தது. நான் ஒரு சொல் திருப்பிக் கேட்டிருந்தால், ஏன் பிள்ளை அப்படிக் கேட்கிறீர் என்று ஒரே ஒரு சொல், அவள் சொல்லியிருப்பாள்.

மூன்றாம் நாள் காலை, தவராசா அவளைச் சைக்கிள் கரியரில் வைத்துத் தன் முதுகோடு சீலையால் கட்டிக்கொண்டு வந்தார். முகம் வீங்கிக் கண் தெரியவில்லை. உதடு தடித்து நீலமாகி, உடம்பெல்லாம் தடிப்பு. மூச்சு விசில் அடிப்பதுபோல் கேட்டது. வீங்கி நீலம் பாரித்து வருகிற ஆளைக் கண்டால் வன்னியில் எங்களுக்கு முதலில் வருவது பாம்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பிழை. முடிவே எடுத்துவிட்டேன். கால் விரலிடுக்கு, குதி, கணுக்கால், கை என்று பல் பட்ட இடத்தைத் தேடினேன். எங்கே நின்றவ, புல்லுக்குள் போனவவோ, விறகுக்குள் கைவிட்டவவோ என்று தவராசாவைப் போட்டு உலுப்பினேன்.

அவர், “இல்லை மிஸ்ஸி, தேன்...” என்று தொடங்கினார்.

“சும்மா கதையாதேங்கோ, காலைப் பிடியுங்கோ!” என்று கத்தினேன்.

அவர் வாயை மூடிக்கொண்டு காலைப் பிடித்தார். பாம்புக் கடிக்கு மருந்து ஏற்றும்போது சிலருக்கு உடம்பு அந்த மருந்தையே ஏற்காமல் இப்படி வீங்கி மூச்சு அடைக்கும். அதற்கென்று அட்ரினலின் இரண்டு சின்னக் குப்பி பூட்டி வைத்திருந்தோம். அவளுக்கு வேண்டியது அதுதான். அது இருந்த அலுமாரி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பூட்டின் திறப்பு என் கழுத்தில் தொங்கியது. நான் அவளுடைய காலில் இல்லாத பல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு பல்லும் இல்லை என்று ஆனபின், தடிப்பை இரண்டாம்முறை பார்த்தபின், அலுமாரியைத் திறந்தேன். ஊசி போட்டேன். இரண்டாவதும் போட்டேன். அந்த நேரத்துக்கு அவள் மருந்து கேட்கிற நிலையைத் தாண்டிப் போய்விட்டாள். தவராசா இன்னும் காலை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். விடுங்கோ என்று நான் சொல்லவில்லை, அதனால் அவர் விடவில்லை.

பின்னேரம் டொக்டர் வந்தார். அவர் குரல் உயர்த்துகிற மனிதர் இல்லை. உடலைப் பார்த்துவிட்டு, நான் கேட்காத கேள்வியை அவர் தவராசாவிடம் கேட்டார்: என்ன சாப்பிட்டவ?

“ஒண்டும் சாப்பிடேல்லை டொக்டர். வெறுவயித்தில தேன் மட்டும். மிஸ்ஸி சொன்ன தேன்.”

பக்கத்து வளவில் ஆளில்லாத வீட்டு வேம்பின் பொந்திலிருந்து தவராசா தானே எடுத்த தேன் அது. முதல் இரண்டு நாளும் வீட்டில் கிடந்த பழைய தேனைத்தான் குடித்திருக்கிறாள். மிஸ்ஸி புதுத் தேன்தான் சொன்னவ என்று, முந்தின நாள் அவர் வதையைக் கையால் பிழிந்து போத்தலில் விட்டிருக்கிறார். நான் அந்தப் போத்தலைப் பிறகு பார்த்தேன். தெளிவில்லாமல், பூவின் மஞ்சள் தூள் கலங்கிக் கிடந்தது. அப்படிக் கலங்கியிருப்பதுதான் சத்து என்று ஊரெல்லாம் சொல்லும். நானும் சொல்வேன்.

தவராசா வெளியே போனபின் டொக்டர் கொப்பியை வாங்கிப் புரட்டினார். 'முந்தினதே, முந்தினதே' என்று என் எழுத்து. வேறு எப்போதாவது, ஏதாவது சாப்பிட்டு வாய் கடித்ததென்று சொன்னவளா என்று கேட்டார். நான் வடகத்தைச் சொன்னேன். அவர் கொப்பியை மூடி வைத்தார். காற்றில் வரும் பூந்தூளோடு வருடக் கணக்கில் மல்லுக்கட்டின உடம்பு, அதே தூள் வாயால் உள்ளே போனாலும் சும்மா விடாது என்றார். பலருக்கு வாய் கடியோடு நின்றுவிடும், சிலருக்கு நிற்காது, எவருக்கு நிற்கும் எவருக்கு நிற்காது என்று முன்கூட்டிச் சொல்ல ஏலாது. மற்ற நாடுகளில் வேறு மரம், வேறு பழம், வேறு பருப்பு, ஆனால் சங்கதி ஒன்றுதான். மரம் பெருகி, தூள் பெருகினால் இந்தச் சாப்பாட்டு வருத்தமும் கூடத்தான் செய்யும். நூற்றுக்கு நூறு அதுதான் என்று தன்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் தனக்குச் சந்தேகம் இல்லை என்றார். கடைசியாக எழும்பும்போது சொன்னார்.

“தாய்க்கு இருந்தா பிள்ளைக்கும் இருக்கக்கூடும். அந்த மனுசனுக்கு இது தெரியவேணும். நீர்தான் சொல்லவேணும் மிஸ்ஸி.”

சொல்லத்தான் செத்த வீட்டுக்குப் போனேன். தவராசா என்னைக் கண்டதும் எழும்பி வந்து கதிரை எடுத்துப் போட்டார். இருந்த சனங்களிடம், மிஸ்ஸி எவ்வளவோ பாடுபட்டவ, கைவசம் இருந்த ஊசி ரெண்டையும் என்ர மனுசிக்குத்தான் போட்டவ என்று சொன்னார். எல்லாரும் என்னை நன்றியோடு பார்த்தார்கள். தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார்கள். நான் அந்தத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். அவர் என்னை ஏசியிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் ஒரு சாட்டுத்தான்.

சித்திரை முடிகிற நேரம் அவர் தர்சினியைக் கூட்டிக்கொண்டு வந்தார். தும்மல், சிவந்த கண். தாயின் முகம் அப்படியே. அவள் இல்லாத வீட்டில் சோறு எப்படி நடக்கிறதென்று கேட்டேன். தாய் தட்டி வைத்த வடகம் ஒரு பேணி நிறையக் கிடக்கிறது, பிள்ளை அதைத்தான் விரும்பித் தின்னுகிறது என்றார். வாய் கடிக்கிறதா பிள்ளை என்று தர்சினியிடம் கேட்டேன். ஓம் என்று தலையாட்டினாள். கடித்தாலும் அம்மா போட்டது என்றாள்.

இந்தமுறை எனக்கு எல்லாம் தெரியும். எதைச் சொல்லவேண்டும் என்றும் தெரியும். வடகத்தைக் கொடுக்கவேண்டாம், ஒரு துண்டும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். தவராசா கேட்டார்.

“அப்ப தாய்க்கும் வடகத்தாலதான் அப்பிடி வந்ததோ மிஸ்ஸி?”

“இல்லை. அவவுக்கு முட்டு,” என்றேன்.

தேன் என்ற சொல் என் வாயில் வரவில்லை. தேன் கூடாது என்று சொன்னால், ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், யார் சொல்லிக் குடித்தாள் என்று வரும். பிள்ளையின் கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதினேன்: வேப்பம்பூவும் தேனும் தவிர்க்கவேண்டும். எழுதிவிட்டேன் என்று என் மனதுக்கு ஒரு பொய்ச் சமாதானம். அந்த வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதன் சொந்தக்காரிக்கு எட்டு வயது, தகப்பன் ஐந்தாம் வகுப்பு. யாருக்காக எழுதினேன்? யாராவது பின்னால் கேட்டால் காட்டுவதற்காக எழுதினேன்.

டொக்டர் ஒருநாள், சொல்லியாச்சோ என்று கேட்டார். சொல்லியாச்சு என்றேன். அதுவும் பொய்.

அந்த வருடக் கடைசியில் சண்டை எங்கள் ஊருக்கு வந்தது. தை மாதம், மழை விட்டும் விடாத ஒரு பகல், புதுக்குடியிருப்புப் பக்கம் போகிற வீதி முழுக்கச் சனம். மாடு, உழவு மெசின், சைக்கிள், தலையில் மூட்டை. நாங்கள் மருந்துப் பெட்டிகளோடு ஒரு மெசினில் போய்க்கொண்டிருந்தோம். அது சேற்றில் புதைந்து நின்ற இடத்தில் தவராசாவைக் கண்டேன். சைக்கிளில் இரண்டு பானையும் ஒரு பையும் கட்டியிருந்தது. தர்சினி கரியரில் இருந்து விடாமல் இருமினாள். மழையில் நனைந்த இருமல். பையின் வாயில், யோகராணியின் சீலைத்துண்டு சுற்றிய ஒரு போத்தல் தெரிந்தது.

அவர் என்னைக் கண்டு சிரித்தார். அந்த நிலையிலும் சிரித்தார்.

“பிள்ளைக்கு இருமல் நிக்குதில்லை மிஸ்ஸி. உங்களிட்டயும் மருந்து தட்டுப்பாடு எண்டு தெரியும், நான் கேக்கேல்லை. இதில ஒரு கரண்டி குடுப்பம் எண்டு வைச்சிருக்கிறன். தாய்க்கு நீங்கள் சொன்ன தேன்தான். மிச்சம் கிடந்தது.”

பழுதாகிப் போயிருக்கும், ஊத்திவிடுங்கோ என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் இதை ஊற்றிவிட்டு நாளைக்கு வேறு தேன் தேடுவார். தேன் நல்லது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. நல்ல மனுசியாக மாறிச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். எல்லா வாசலும் அடைபட்ட பிறகு சொன்னேன்.

“குடுக்காதேங்கோ. அந்தத் தேன்தான் அவவைச் சாகடிச்சது. பாம்புமில்லை, முட்டுமில்லை. நான்தான் பிழையாச் சொன்னனான். பிள்ளைக்கும் அதே வருத்தம் இருக்கு. தேன் ஒரு சொட்டும் வாயில வைக்கக்கூடாது.”

அவர் கோபப்படவில்லை. கோபப்படுவார், கை ஓங்குவார், அதோடு என் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் தன்னுடைய வலது கையைப் பார்த்தார்.

“நான்தானே மிஸ்ஸி பிழிஞ்சனான்,” என்றார். “வேண்டாம் எண்டவ. கசக்குது எண்டவ. நான்தான் பிடிச்சுப் பருக்கினனான்.”

கரியரில் இருந்த தர்சினி இருமலை அடக்கிக்கொண்டு சொன்னாள்: “கரண்டி நான்தான் எடுத்துக் குடுத்தனான் அப்பா.”

தவராசா போத்தலைத் திறந்து தேனைச் சேற்றில் ஊற்றினார். அந்தச் சீலைத்துண்டை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்தார். பிள்ளையின் கொப்பியைத் தாருங்கோ என்று கேட்டு வாங்கினேன். நனைந்து ஊறிப்போயிருந்தது. கடைசித் தாளில் 'தேன் கூடாது, வேப்பம்பூ கூடாது' என்று தமிழில், பெரிய எழுத்தில் எழுதினேன். ஒன்பது மாதத்துக்கு முன் எழுதவேண்டியது. பின்னால் வந்த சனம் நெருக்கியது. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. சண்டை முடிந்து எங்களைக் கொண்டுபோய் வைத்திருந்த வவுனியா முகாமில் நான் விசாரிக்காத வரிசை இல்லை. இரண்டு பேரையும் கண்டவர்கள் ஒருவரும் இல்லை.

பிழை எல்லாரும் விடுவோம், நீங்களும் விடுவீர்கள். விட்ட அன்றைக்கே, அந்த ஆளுடைய முகத்தைப் பார்த்து, அந்த ஆளுடைய பாசையில் சொல்லிவிடுங்கள். நான் செத்த வீட்டிலேயே சொல்லியிருந்தால் அந்தப் பிழை எனக்கு மட்டும் சொந்தமாக இருந்திருக்கும். சுணக்கிச் சொன்னதால் அதை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கை எட்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பினேன்.